பாஸ்வேர்டு யார் கையில் இருக்கிறது? மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 உங்களை ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பில் வைத்திருக்கிறது. அந்தப் பொறுப்பை நம்பித்தான் இந்த மடலை முதலமைச்சருக்கோ துறைச் செயலாளருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நான் கேட்கப்போகிற காரியங்களில் பெரும்பாலானவற்றுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. உங்கள் கையெழுத்தில் ஒரு சுற்றறிக்கையும், அது நடக்கிறதா என்று விடாமல் பார்க்கும் அக்கறையும் போதும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஊராட்சி ஒன்றிய அலுவலகம், வேளாண் விரிவாக்க மையம், கிராம நிர்வாக அலுவலகம் என எங்கே போனாலும், பல இடங்களில் அலுவலரின் பாஸ்வேர்டு அலுவலரிடம் மட்டும் இருப்பதில்லை. கணினி உதவியாளருக்குத் தெரியும். அவர் விடுப்பில் போனால் பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியும். சில இடங்களில் அலுவலகத்துக்கு வெளியே கடை போட்டிருப்பவருக்கும் தெரியும். உள்ளாட்சி ஊழலுக்கும் இணையக் குற்றத்துக்கும் இன்றைக்கு இருக்கும் பெரிய பொது வாசல் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. அரசு இந்த இரண்டையும் தனித்தனி நோயாகப் பார்க்கிறது. ஊழலுக்கு 1964-இல் தொடங்கிய ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் இருக்கிறது. இணையக் குற்றத்துக்குக் காவல் துறையில் தனிப் பிரிவும் 1930 என்ற உதவி எண்ணும் இருக்கின்றன. 2020-இல் சைபர் பாதுகாப்புக் கொள்கையும் வந்தது. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் ஒரு ஒன்றிய அலுவலகத்தில் ஒருவருடைய லாகினை இன்னொருவர் திறந்து உட்கார்ந்திருப்பதைத் தடுக்கும் வேலை இவர்களில் யாருக்கும் இல்லை.

2020-இல் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பி.எம். கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை 2,000 வீதம் மூன்று தவணையாக நிலமுள்ள விவசாயக் குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே நேராகப் போடும் திட்டம். பணம் யார் கையையும் தொடாமல் போவதால் இதில் முறைகேட்டுக்கு வழியில்லை என்று எல்லோரும் நம்பினோம். விண்ணப்பத்தை இணையத்திலேயே பதிவு செய்யலாம். அதைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பது மட்டும் அலுவலரின் லாகினில் நடக்க வேண்டும். ஊரடங்கு மாதங்களில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் பயனாளிகளின் எண்ணிக்கை திடீரென ஏறியது. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள் கணக்கில் பணம் விழுந்தது. கொரோனா நிவாரணம் என்று சொல்லி ஆதார் நகலையும் வங்கிப் புத்தகத்தையும் வாங்கிப்போன தரகர்கள், வந்த பணத்தில் பங்கு எடுத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் விஷயம் வெடித்தது. அப்போதைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி நடந்ததை மறைக்காமல் சொன்னார். தகுதியில்லாத 5.5 லட்சம் பேர் வரை சேர்க்கப்பட்டிருக்கிறார்கள், 110 கோடி ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது, துறை ஆட்களே லாகினையும் பாஸ்வேர்டையும் தரகர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். 80 ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள். 34 அலுவலர்கள் மீது துறை நடவடிக்கை வந்தது. தரகர்கள் கைதானார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது. செப்டம்பர் தொடக்கத்திலேயே 32 கோடி ரூபாய் மீட்கப்பட்டது.

அந்த மீட்பு எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பணம் திரும்ப வந்தது பெரும்பாலும் ஏழைகளின் கணக்கிலிருந்து. தன் பெயரில் யார் விண்ணப்பித்தார்கள் என்றே தெரியாத ஒரு மூதாட்டியின் கணக்கும் அதில் முடங்கியிருக்கும். அவருடைய முதியோர் உதவித்தொகை வருவதும் பெரும்பாலும் அதே கணக்கில்தான். பாஸ்வேர்டைக் கொடுத்தவரின் தவறுக்கு, பாஸ்வேர்டு என்ற ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் வங்கி வாசலில் நின்றார்கள். எனக்கு இந்த விவகாரத்தில் இன்றுவரை ஆறாதது இதுதான்.

கவனித்துப் பாருங்கள். இதில் யாரும் சர்வரை உடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து யாரும் வைரஸ் அனுப்பவில்லை. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் 2022 நவம்பரில் முடங்கியபோது நாடே பேசியது. தாக்குதல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. ஒன்றிய அலுவலகத்தில் அது சரியான பாஸ்வேர்டோடு, சரியான திரையில், சத்தமில்லாமல் நடக்கிறது. கணினியைப் பொறுத்தவரை அங்கே எந்த விதிமீறலும் இல்லை.

தமிழ்நாட்டில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலி மாவட்டம் சலோன் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான போலிப் பிறப்புச் சான்றிதழ்கள் பிடிபட்டன. கிராம வளர்ச்சி அலுவலரின் லாகினைப் பொதுச் சேவை மையம் நடத்திய ஒருவர் பயன்படுத்தியிருந்தார். அந்த ஊரில் பிறக்காத குழந்தைகளெல்லாம் அந்த ஊரில் பிறந்ததாகப் பதிவாயின. இங்கே பணம், அங்கே அடையாள ஆவணம். இரண்டு இடத்திலும் குற்றம் ஒரே வழியில்தான் உள்ளே வந்தது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் தன் கட்டைவிரல் ரேகையை இன்னொருவருக்கு இரவல் கொடுக்க எந்த அலுவலரும் சம்மதிப்பாரா? பாஸ்வேர்டு மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாகக் கைமாறுகிறது?

சட்டத்தில் குறை இருக்கிறது என்று சொல்ல முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி இன்னொருவருடைய பாஸ்வேர்டையோ மின்னணுக் கையொப்பத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, அரசு அலுவலகங்களுக்கான தகவல் பாதுகாப்பு வழிகாட்டுதலை 2023 ஜூனில் வெளியிட்டது. ஆனால் ஒன்றிய அலுவலகத்துச் சுவரில் அதன் ஒரு பக்கத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

அலுவலர்கள் ஏன் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதையும் நேர்மையாகப் பேச வேண்டும். எல்லோரும் காசுக்காகக் கொடுப்பதில்லை. ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் ஒரே நாளில் எத்தனை போர்ட்டலைத் திறக்க வேண்டியிருக்கிறது! வீடு கட்டும் திட்டத்துக்கு ஒன்று, நூறு நாள் வேலைக்கு ஒன்று, வீட்டு வரிக்கு ஒன்று, நிதிக்குழு மானியத்துக்கு ஒன்று. பகலில் சர்வர் இழுக்கும். காலையில் காணொலி ஆய்வுக் கூட்டம், மதியம் கள ஆய்வு, சாயங்காலம் "இன்றைக்கே நூறு சதவீதம் முடிக்க வேண்டும்" என்று மேலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல். அந்தப் பட்டியல் பல நேரம் உங்கள் அலுவலகத்திலிருந்துதான் வருகிறது. "நீயே போட்டுவிடுப்பா" என்று கணினி உதவியாளரிடம் சொல்வதைத் தவிர அவருக்கு வழியில்லை. இலக்கை மட்டும் எண்ணுகிற ஆய்வுக் கூட்டங்கள்தான் இந்தப் பழக்கத்தை வளர்க்கின்றன. இதைச் சொல்வதால் உங்களுக்கு வருத்தம் வரலாம். ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

அந்தக் கணினி உதவியாளரின் நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலும் ஒப்பந்த வேலை. அலுவலர் சொன்னால் முடியாது என்று சொல்ல அவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. நாளைக்குப் பிரச்சினை என்று வந்தால் முதலில் வீட்டுக்குப் போவதும் அவர்தான். கிசான் விவகாரத்தில் தப்பு செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் யாருடைய லாகினில் ஒப்புதல் போனதோ அவரே முதல் பொறுப்பு என்ற விதியை எழுத்தில் வையுங்கள். அதே சுற்றறிக்கையில், அடுத்தவர் லாகினில் வேலை செய்யச் சொன்னால் மறுக்கலாம், மறுத்ததற்காக வேலைக்குப் பங்கம் வராது என்று ஒப்பந்தப் பணியாளருக்கும் உறுதி கொடுங்கள். பதிவு செய்கிறவருக்கு அவர் பெயரிலேயே தனி லாகின், ஒப்புதல் கொடுக்கும் அலுவலருக்குத் தனி லாகின் என்று பிரித்து, ஒப்புதல் தரும் நேரத்தில் அலுவலரின் கைரேகையோ அவர் போனுக்கு வரும் ஓ.டி.பி.யோ கேட்டால் பாதிப் பிரச்சினை குறையும். மீதிப் பாதிக்கு, அவர் சரிபார்க்க உண்மையிலேயே நேரம் கொடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை ஒரே மாலையில் ஒருவரால் சரிபார்க்க முடியாது. அப்படி ஒரு லாகினில் ஒப்புதல்கள் குவிந்தால், அந்தக் குவியலே ஒரு எச்சரிக்கை மணி. 2020-இலும் அந்த மணி பல மாதம் அடித்தது. கேட்க ஆளில்லை.

ஊராட்சித் தலைவரின் டிஜிட்டல் கையொப்பச் சாவி, அதாவது டி.எஸ்.சி. பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பென்டிரைவ் மாதிரி இருக்கும் அந்தச் சின்னப் பொருள்தான் இன்றைக்கு ஊராட்சியின் காசோலைப் புத்தகம். நம் மாநிலத்தில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. எத்தனையோ பெண் தலைவர்கள் மிக நன்றாக வேலை செய்தார்கள். ஆனால் சில ஊர்களில் தலைவரின் டி.எஸ்.சி. அவருடைய கணவரிடம் இருந்தது. சில இடங்களில் ஊராட்சி செயலரின் மேசை டிராயரில், இன்னும் சில இடங்களில் ஒன்றிய அலுவலகத்துக் கணினியிலேயே செருகியபடி. தலித் தலைவர்களுக்கு நாற்காலியே கிடைக்காத ஊர்களைப் பற்றிச் செய்தி வருகிறது, நல்லது, வரத்தான் வேண்டும். சாவி கிடைக்காத தலைவர்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை, ஏனென்றால் அது படத்தில் தெரியாது. தன் பெயரில் எந்தப் பில்லுக்குப் பணம் போனது என்பதைத் தணிக்கை ஆட்சேபணை வந்தபின் தெரிந்துகொள்ளும் ஒரு தலைவரை நினைத்துப் பாருங்கள். கையொப்பம் அவருடையது, நோட்டீஸும் அவருக்கே வரும்.

2025 ஜனவரி 5-ஆம் தேதி 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2016-லிருந்து 2019 கடைசி வரையும் இப்படித்தான் தேர்தல் இல்லாமல் ஓடியது. தனி அலுவலர் காலத்தில், ஊர் தேர்ந்தெடுத்தவர்கள் கையொப்பமிட்ட இடத்தில் அரசு அலுவலர்களே கையொப்பமிடுகிறார்கள். ஒரே ஆள் பல ஊராட்சிகளுக்கு. கேள்வி கேட்க வார்டு உறுப்பினரும் இல்லை. இப்படிப்பட்ட காலத்தில்தான் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

சரி, தொழில்நுட்பத்தையே இன்னும் கூட்டினால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். நூறு நாள் வேலையில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களிலும் வருகையைச் செல்போன் செயலியில், நாளுக்கு இரண்டு முறை படத்தோடு ஏற்ற வேண்டும் என்றார்கள். சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் வேலை செய்தவர்களுக்குச் செய்த வேலைக்கே கூலி போனது. மறுபக்கம், 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது: சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, படத்தையே மறுபடி படமெடுத்து ஏற்றுகிறார்கள், ஒரே படம் பல வருகைப் பட்டியல்களில் இருக்கிறது என்று. ஏமாற்ற நினைத்தவர் புது வழி கண்டுபிடித்தார். நேர்மையாக உழைத்தவர்தான் செயலியோடு மல்லுக்கட்டினார். அமைச்சகம் கடைசியில் சொன்ன தீர்வு என்ன? படங்களை மனிதர்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்பதுதான்.

அப்படிச் சரிபார்க்கும் மனிதர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். எந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு நிலம், யார் வெளியூர் போய்ப் பத்து வருஷம் ஆயிற்று, யார் இறந்துபோனார் என்பது எந்த சர்வரையும்விட ஊருக்கு நன்றாகத் தெரியும். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994-இல் கோட் கிரானா கிராமத்தில் நடத்திய பொது விசாரணையில் வேறு எந்த ரகசிய ஆயுதமும் இல்லை. வருகைப் பட்டியலையும் பில்லையும் சத்தமாகப் படித்தார்கள், அவ்வளவுதான். பெயர் வாசித்ததும், நான் அந்த வேலைக்கே போகவில்லையே என்று ஆட்கள் எழுந்து நின்றார்கள். அந்த இயக்கம்தான் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரை நீண்டது. நம் மாநிலம் அதற்கு முன்பே, 1997-இல், நாட்டிலேயே முதலாவதாக இப்படி ஒரு சட்டம் போட்டது. அந்தப் பெருமை கிராமசபையில் தெரிய வேண்டும்.

அங்கேதான் ஒரு புதிய தடங்கல் வருகிறது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலை மறுக்க இடம்தரும் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. தனிநபர் தகவல் என்று சொல்லிப் பயனாளிகள் பட்டியலையே மறுக்கும் போக்கு இதனால் வளரும் என்று பயப்படுகிறேன். ஆனால் மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிற 4-ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. பொதுநலன் பெரிதாக இருந்தால் தகவல் கொடுக்கலாம் என்கிற 8(2)-உம் இருக்கிறது. உங்கள் பொதுத் தகவல் அலுவலர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அதே நேரம் பட்டியலை எப்படி வெளியிடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். அரசுத் தளங்கள் சில பயனாளிகள் பட்டியலோடு ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் சேர்த்தே போட்டுவிட்டன என்று 2017 மே மாதம் இணையம் மற்றும் சமூகத்துக்கான மையம் என்ற ஆய்வு அமைப்பு ஓர் ஆய்வில் காட்டியது. 13 கோடி முதல் 13.5 கோடி வரையிலான ஆதார் எண்கள் அப்படி வெளியே தெரிந்தன என்றது அந்த அறிக்கை. ஊருக்குத் தெரிய வேண்டியது பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், குக்கிராமம், திட்டம், தொகை. ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் போன் நம்பரும் யாருக்கும் தேவையில்லை. மோசடிக்காரனுக்கு மட்டும்தான் தேவை.

இன்னொரு விஷயம், பெரும்பாலும் யாரும் கவனிக்காதது. எந்த லாகின் எந்த நாளில், எந்த மணிக்கு, எந்தக் கணினியிலிருந்து திறக்கப்பட்டது என்ற பதிவுகளைக் குறைந்தது 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. வங்கிக்கோ நிறுவனத்துக்கோ 180 நாள் போதுமானதாக இருக்கலாம். நம் உள்ளாட்சித் தணிக்கையோ நிதியாண்டு முடிந்த பிறகுதான் வருகிறது, சில நேரம் அதற்கும் மிகத் தாமதமாக. தணிக்கையாளர் ஒரு ஒப்புதலைச் சந்தேகித்து, இது யார் போட்டது என்று கேட்கும்போது, அதற்குச் சாட்சி சொல்ல வேண்டிய பதிவு அழிந்திருக்கும். அலுவலர் "நான் போடவில்லை, யாரோ என் லாகினில் போட்டார்கள்" என்பார். உதவியாளர் "அவர் சொல்லித்தான் போட்டேன்" என்பார். இரண்டில் எது உண்மை என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பல திட்டங்களின் சர்வர் தில்லியிலோ சென்னையிலோ இருக்கிறது, உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். ஆனால் அந்தந்த ஆண்டின் தணிக்கையும், ஊர் மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையும் முடியும் வரை பதிவுகளை அழிக்கக் கூடாது என்று நீங்கள் எழுத்தில் கேட்கலாம். ஒரு மாவட்டம் கேட்டால் கோப்பில் கிடக்கும். பல மாவட்டங்கள் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆக, உங்களிடம் நான் கேட்பது இது. ஆண்டுக்கு ஆறு நாள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராமசபை கூடுகிறது. அதன் கூட்டப்பொருளை உங்கள் அலுவலகம்தான் அனுப்புகிறது. அடுத்த கூட்டத்திலிருந்து அதில் ஒரு பொருளைச் சேருங்கள். இந்த ஊராட்சிக்குப் பயன்படும் லாகின்கள் எவை, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான அலுவலர் யார், டி.எஸ்.சி. யார் வசம் உள்ளது, முந்தைய கூட்டத்துக்குப் பிறகு எந்தத் திட்டத்தில் யார் யாருக்கு ஒப்புதல் போனது என்று வாசிக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டை யாரும் கேட்கவில்லை, அதன் பொறுப்பாளர் பெயரைத்தான் கேட்கிறோம். அலுவலக நேரத்துக்கு வெளியே போன ஒப்புதல்கள் தனியாக வாசிக்கப்படட்டும். அலுவலர் நிஜமாகவே இரவில் உட்கார்ந்து வேலை பார்த்திருந்தால் அதை அங்கேயே சொல்லலாம், ஊர் அதை மதிக்கும்.

மாவட்டத்தில் ஒரே ஒரு ஒன்றியத்தில் முதலில் தொடங்கினாலும் போதும். எந்த ஒன்றியம் என்று அறிவித்துவிடுங்கள். பட்டியலைப் படித்துப் பார்க்க, பெயரைச் சரிபார்க்க, வீடு வீடாகப் போய்க் கேட்க எங்கள் பக்கத்தில் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். மகளிர் குழுக்களில் கணக்கு எழுதுகிறவர்கள், பணித்தளப் பொறுப்பாளர்களாக இருந்தவர்கள், கல்லூரி முடித்துவிட்டு ஊரில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் வருவார்கள். கூட்டப்பொருளின் நகலை ஏழு நாள் முன்னதாக ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஊராட்சி வாக்காளர் ஒருவர்